வாட்ஸ் எண்ணை மட்டும் பார்த்து ஆம்ப்ளிபையர் வாங்க வேண்டாம்

நம்ம கோயில் மண்டபத்துக்குப் புது ஆம்ப்ளிபையர் வாங்குற பேச்சு ஒரு வாரமா வாட்ஸ்அப் குழுவுல ஓடிக்கிட்டிருக்கு. "ஆயிரம் வாட்ஸ்ல ஒண்ணு வாங்குங்க, பிரச்சினை தீர்ந்துடும்"னு நிறைய பேர் எழுதியிருக்கீங்க. ஒலி அமைப்பைப் பார்த்துக்கிற தொண்டன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்லிடுறேன். அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்கினா உபயக்காரர் பணமும் வீணாகும், ஸ்பீக்கரும் வீணாகும்.

மண்டபத்துல இருக்கிற ஜோடி ஸ்பீக்கர் சாதாரண விழா ஸ்பீக்கர் இல்லைங்க. ஒரு குடும்பம் தங்கள் அப்பா நினைவாகக் கொடுத்த ஹை-ஃபை ஸ்பீக்கர். அவர் வீட்டுல வைத்துக் கேட்டது. பிள்ளைங்க தேவாரம் பாடும்போது ஒவ்வொரு எழுத்தும் தெளிவா கேட்குதுன்னா அதுக்குக் காரணம் அந்த ஸ்பீக்கர்தான். ஆனா தவில் உச்சத்துக்குப் போனதும் இப்போ உள்ள ஆம்ப்ளிபையர் தானே அணைஞ்சு போகுது. குற்றம் ஸ்பீக்கர் மேல இல்ல. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தல, அவ்வளவுதான்.

முதல்ல பார்க்க வேண்டியது டெசிபல். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி நின்னு கேட்டா எவ்வளவு சத்தம் வரும் என்ற கணக்கு அது. நம்ம ஸ்பீக்கர் 84. கோயில் கம்பத்துல தொங்குற குழாய் ஸ்பீக்கர் வகை 100-ஐத் தாண்டும். 3 டெசிபல் கூடணும்னா வாட்ஸ் இரட்டிப்பாகணும். 10 கூடணும்னா பத்து மடங்கு வேணும். அதனால 100 வாட்டுக்குப் பதில் 120 வாட் வாங்கினா காதுக்கு வித்தியாசமே தெரியாது. அதே சமயம், 5 வாட்டுல போய்க்கிட்டிருக்கிற பாட்டுக்கு நடுவுல தவில் அடி 10 டெசிபல் எகிறினா, அந்த நொடிக்கு 50 வாட் வேணும். இருப்பு இல்லாத ஆம்ப்ளிபையர் அங்கதான் திணறும்.

ரெண்டாவது ஓம்ஸ் (நம்ம ஓம் இல்லீங்க 😊). பெட்டி பின்னாடி 8 ஓம்ஸ்னு போட்டிருக்கும். அது ஒரு பொது அளவுதான். சுருதிக்குச் சுருதி அது ஏறி இறங்கும். நம்ம ஸ்பீக்கரோட தாள்ல குறைந்தபட்சம் 3.2ன்னு போட்டிருக்கு. ஓம்ஸ் பாதியானா அதே வோல்டேஜுக்கு ரெண்டு மடங்கு கரண்ட் இழுக்கும். 8 ஓம்ஸ்ல 100 வாட் தர்ற ஆம்ப்ளிபையர் 4 ஓம்ஸ்ல 200 வாட் பக்கம் தந்தா அதுக்குத் தெம்பு இருக்குன்னு அர்த்தம். 120-லயே நின்னுட்டா பவர் சப்ளை பலவீனம். என்னைக் கேட்டா, முன்பக்கத்துல எழுதியிருக்கிற ஆயிரத்தை விட இந்த ஒரு விவரம்தான் முக்கியம். பிஎம்பிஓன்னு போட்டிருந்தா அந்த எண்ணைக் கண்டுக்கவே வேண்டாம். ஆர்எம்எஸ் எவ்வளவுன்னு கேளுங்க.

ஸ்பீக்கர் அளவை வச்சும் முடிவு பண்ண முடியாது. பிபிசி 1970-களில் ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ ஒரு சின்னப் பெட்டிதான். ஆனா 83 டெசிபல் அளவுதான் வரும், பசி அதிகம். 1980-களில் வந்த அபோஜி சிண்டிலா 1 ஓம்ஸ் வரை இறங்கும். அதைத் தாங்க முடியாம திணறிய ஆம்ப்ளிபையர்கள் ஏராளம்.

"பெரிய ஆம்ப்ளிபையர் ஸ்பீக்கரை எரிச்சிடாதா?"ன்னு ஒரு அண்ணன் கேட்டிருந்தாரு. நியாயமான பயம். ஆனா சின்ன ஆம்ப்ளிபையரை முழுசாத் திருகும்போது ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டு, அதுல பிறக்கிற கூடுதல் உயர் அதிர்வு மெல்லிய ட்வீட்டரைச் சுட்டுடும். தெம்புள்ள ஆம்ப்ளிபையரை அளவா வைக்கிறதே பத்திரம். அதனால குமிழைத் தொடுறது ஒருத்தர் பொறுப்பாவே இருக்கட்டும்.

"ஸ்பீக்கரை வித்துட்டுச் சாதாரண விழா செட் போட்டுடலாம்"னும் சிலர் சொல்றாங்க. செலவு குறையும், ஒத்துக்கிறேன். திருவிழா வெளிப்பந்தலுக்கு அதுதான் சரி. ஆனா மண்டபம் தேவார வகுப்புக்கும் சொற்பொழிவுக்கும் உள்ள இடம். அங்க சத்தம் முக்கியமில்ல, சொல் புரியணும். நினைவாகக் கொடுத்த பொருளை, பொருந்தாத ஆம்ப்ளிபையரைக் காரணம் காட்டித் தள்ளுறது எனக்குச் சரியாப் படல.

நிர்வாகத்துக்கு என் வேண்டுகோள்:

1. ஸ்பீக்கர் தாளைக் கையில எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போங்க. 4 ஓம்ஸ்ல எவ்வளவுன்னு எழுத்துல கேளுங்க.
2. பணம் கட்டுறதுக்கு முன்னாடி மண்டபத்துலயே ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்க. தவில், நாதஸ்வரம், பிள்ளைங்க குரல் மூணும் வேணும். கை வைக்க முடியாத அளவு கொதிச்சாலோ, நடுவுல அணைஞ்சாலோ வேண்டாம்.
3. நல்ல நிலையில் உள்ள பழைய ஆம்ப்ளிபையரையும் பாருங்க. புதுசுதான் வேணும்னு இல்ல.
4. வெளிக் குழாய் ஸ்பீக்கர் 100 வோல்ட் லைன்ல ஓடுது. அதுக்குத் தனி ஆம்ப்ளிபையர்தான். ரெண்டையும் சேர்த்து மாட்ட வேண்டாம்.
5. கற்பூரப் புகை, விபூதித் தூசி படாத, காற்றோட்டமுள்ள இடத்துல வைக்கணும்.

உண்டியல்ல விழுற ஒவ்வொரு வெள்ளியும் யாரோ உழைச்ச காசு. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துல கொட்டேஷனை மேசையில வைக்கும்போது "எத்தனை வாட்ஸ்?"னு மட்டும் கேட்காதீங்க. "4 ஓம்ஸ்ல எவ்வளவு?"ன்னும் சேர்த்துக் கேளுங்க. மாற்றுக் கருத்து இருந்தா கீழே எழுதுங்க, பேசுவோம்.