வல்லவளுக்கு ஓர் ஊசி போதும்



உங்கள் வீட்டு அலுமாரியின் அடித்தட்டை இன்று ஒருதரம் திறந்து பாருங்கள். கேக்கில் பூப்போட வாங்கிய குழல்கள் உறை பிரிக்காமல் கிடக்கும். எம்பிராய்டரி வளையம் மூன்று அளவில் இருக்கும். வண்ண வண்ண நூல் கண்டுகள் வாங்கிய ஒழுங்கு குலையாமல் இருக்கும். அழகிய அட்டை போட்ட கொப்பி ஒன்றும் இருக்கலாம். அதன் முதல் பக்கத்தில் உங்கள் பெயர். இரண்டாம் பக்கத்திலிருந்து வெறும் வெள்ளை!

பிள்ளைகளின் மேசைக்குப் போனால் அங்கே வேறு சாமான்கள். கைபேசியை நிறுத்தி வைக்க ஒரு முக்காலி, முகத்துக்கு வெளிச்சம் காட்டும் வட்ட விளக்கு, சட்டையில் குத்திக்கொள்ளும் மைக். "சமையல் வீடியோ போடப் போகிறேன் உம்மா" என்று சொல்லி வாங்கியவை. சாமான் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. சமையல்தான் இன்னும் அடுப்பேறவில்லை.

இது நம் வீடுகளில் மட்டும் உள்ள வியாதி அல்ல. கித்தார் வாசிக்கும் மேல்நாட்டார் 1990களிலேயே இதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். 'கித்தார் வாங்கும் நோய்' என்று தங்களைத் தாங்களே கேலி செய்துகொண்டார்கள். வீட்டில் ஐந்து கித்தார் தொங்கும். ஆறாவது எதை வாங்குவது என்பதே பேச்சாக இருக்கும். பாட்டு ஒன்றும் உருப்படியாக வந்திருக்காது. பிறகு அந்தப் பெயர் கேமராக்காரர்களுக்கும் தொற்றியது. படம் எடுப்பவரைவிட லென்ஸைப் பற்றிப் பேசுபவரே அதிகம் என்ற நிலை வந்தது.

நம் முன்னோர் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்: ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!

ஏன் இப்படி ஆகிறது? சற்று யோசித்துப் பாருங்கள். பொருள் வாங்குவதில் தோல்வியே கிடையாது. கடைக்காரர் உங்களைப் பார்த்து, "நீங்கள் தேர்ந்தெடுத்தது சரியில்லை" என்று சொல்லப் போவதில்லை. ஆனால் தைக்க உட்கார்ந்தால் அப்படியா? கழுத்து வளைவு ஒரு பக்கம் இழுக்கும். கைமுட்டு சுருங்கும். பிரித்து மறுபடி தைக்க வேண்டும். பார்க்கிறவர்கள் சிரிக்கவும் கூடும். அந்தக் கூச்சத்துக்குப் பயந்த மனம், "நல்ல மெஷின் இல்லாததுதான் குறை" என்று ஒரு சாக்கைக் கண்டுபிடிக்கிறது. மெஷின் வந்ததும் பாதி வேலை முடிந்துவிட்டதுபோல மனம் நிறைந்துவிடுகிறது. நிறைந்த மனம் வேலையைத் தேடிப் போகாது.

ஒரு பொருள் தனியாக வருவதும் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டில் தித்ரோ என்று ஓர் எழுத்தாளர் இருந்தார். அவருக்குப் புது மேலங்கி ஒன்று கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு பார்த்தால் பழைய நாற்காலி அசிங்கமாகத் தெரிந்தது. நாற்காலியை மாற்றினார். பிறகு மேசை, சுவரில் தொங்கிய படம் என்று ஒவ்வொன்றாக மாற்றினார். கடைசியில், பழைய அங்கிக்கு நான் எஜமானனாக இருந்தேன், புது அங்கிக்கு அடிமையாகிவிட்டேன் என்ற கருத்தில் ஒரு கட்டுரையே எழுதினார். புது மெஷின் வாங்கினால் அதற்கு ஒரு மேசை, மேசைக்கு ஒரு விளக்கு, விளக்குக்கு ஒரு மூலை என்று நம் வீட்டில் நீளும் கதையும் இதுதானே?

இந்த விஷயத்தில் நமக்குப் பாடம் சொல்லத் தகுந்த ஊர் ஒன்று உண்டு. யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் வீதியில் இருக்கும் சுன்னாகம்தான் அது. சந்தைக்குப் பேர்போன ஊர். கருவி குறைவாக இருந்தபோதும் வேலை நிற்காது என்பதை அந்த ஊர் இரண்டு காலங்களில் காட்டியிருக்கிறது.

முதலாவது காலம், அ. குமாரசுவாமிப் புலவருடையது. 1854இல் பிறந்து 1922இல் மறைந்தவர். பாடசாலை ஆசிரியர். அந்நாளில் பழைய தமிழ் நூல்கள் பல இன்னும் பனையோலை ஏடுகளில்தான் கிடந்தன. ஓலையில் எழுத்தாணியால் கீறி, கீறல் தெரிவதற்குக் கரி பூசுவார்கள். புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். குறிலா நெடிலா என்று படிக்கிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். பூச்சி அரித்த இடத்தில் சொல்லே இருக்காது.

அப்படிப்பட்ட ஏட்டை வாசித்துப் பொருள் காண எந்தக் கருவி உதவும்? படித்த படிப்பும் பொறுமையும்தான் உதவும். புலவரிடம் அவை இருந்தன. 'தமிழ்ப் புலவர் சரித்திரம்' எழுதினார். 'இலக்கியச் சொல்லகராதி' தொகுத்தார். காளிதாசனின் மேகதூதத்தை 'மேகதூதக் காரிகை' என்று தமிழில் தந்தார். பழைய நூல்களுக்கு உரைகள் எழுதினார். ஒரு சொல்லைத் தேட இன்று நாம் கைபேசியில் ஒரு விரல் தட்டினால் போதும். அவருக்கோ அகராதியையே தாம் உட்கார்ந்து தொகுக்க வேண்டியிருந்தது. தொகுத்தார்!

இரண்டாவது காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். சுன்னாகத்தில் 1958 முதல் மின் நிலையம் இருந்தது. ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்த இடம். 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாடே இருளில் மூழ்கியது. ஆண்டுக்கணக்கில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் ரேடியோவுக்குப் போடும் பேட்டரிகூட உள்ளே வர முடியவில்லை. மண்ணெண்ணெய் விலையோ எட்டாத உயரம்.

மக்கள் என்ன செய்தார்கள்? சிறு போத்தலில் சொட்டு மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டார்கள். பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எழுதினார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் ரேடியோ கேட்டார்கள். அச்சுத்தாள் கிடைக்காத நாட்களில் பத்திரிகை கோடுபோட்ட பாடசாலைக் கொப்பித் தாளில் அச்சாகி வந்தது. அதிலும் கவிதை வந்தது, கதை வந்தது. நல்ல தாள் வரட்டும், பிறகு எழுதுகிறேன் என்று யாராவது காத்திருந்திருந்தால் அந்த ஆண்டுகள் எழுதப்படாமலே போயிருக்கும்.

வறுமையும் தடையும் நல்லவை என்று நான் சொல்ல வரவில்லை, சகோதரிகளே. அந்தத் துன்பம் யாருக்கும் வர வேண்டாம். வேலையைத் தொடங்கப் பொருள் குறைவு ஒரு தடையாக இருக்கவில்லை என்பதை மட்டும் பாருங்கள்.

அதே 1990ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு நேர்ந்ததையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் அவர்களை வெளியேற்றினார்கள். வடமாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் அந்த நாட்களில் இடம்பெயர்ந்தார்கள். கடை, வீடு, நகை, தையல் மெஷின், தச்சுப்பட்டறை எல்லாம் பின்னால் நின்றுவிட்டன. அந்த இழப்பு சிறிதல்ல. அதன் கணக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் கைக்குள் இருந்த தொழிலை யாராலும் பறித்து வைத்துக்கொள்ள முடியவில்லை. வாங்கிய பொருள் பூட்டிய கதவுக்குப் பின்னால் தங்கிவிடும். பழகிய கை நம்மோடு வரும்.

நம் பெண்களில் எழுதியவர்களைப் பாருங்கள். வங்காளத்தில் 1880இல் பிறந்த ரொக்கையா, பெண்பிள்ளைக்கு ஆங்கிலமும் வங்காளமும் எதற்கு என்று கேட்ட குடும்பத்தில் வளர்ந்தவர். வீடு உறங்கிய பிறகு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மூத்த சகோதரரிடம் படித்தார். அவர் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905இல் சென்னையிலிருந்து வந்த ஓர் ஆங்கிலப் பெண்கள் இதழில் வெளியானது. நாகூரின் சித்தி ஜுனைதா பேகம் பள்ளிக்கூடத்தில் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். அவருடைய 'காதலா? கடமையா?' நாவல் 1938இல் வந்தபோது உ.வே. சாமிநாதையரே அதற்கு மதிப்புரை தந்தார். இவர்களுக்குத் தனி அறை, தனி மேசை, விலை உயர்ந்த பேனா எல்லாம் யார் வாங்கித் தந்திருப்பார்கள்?

இதைப் படித்துவிட்டு, "பார்த்தாயா, உனக்கு எதுவும் தேவையில்லை" என்று சொல்லப் புறப்படும் வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. கருவியே வேண்டாம் என்பது இந்தக் கட்டுரையின் பொருள் அல்ல. அயலாருக்குச் சட்டை தைத்துக் கொடுத்து நாலு காசு பார்க்கும் பெண்ணுக்கு நல்ல மெஷின் அவசியம். முறிந்த ஊசியோடும் மங்கிய விளக்கோடும் அவள் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டில் எத்தனையோ செலவு கேள்வியில்லாமல் நடக்கும்போது, அவள் கேட்கும் ஒரு கத்தரிக்கோலுக்கு மட்டும் கணக்குப் பார்ப்பது நியாயமும் அல்ல. வேலை கேட்டால் வாங்கிக் கொடுங்கள். கடையின் விளம்பரம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலை கேட்கிறதா, விளம்பரம் கேட்கிறதா என்று எப்படி அறிவது? புதுப் பொருளுக்கு ஆசை வரும்போது உங்களையே கேளுங்கள்: "எந்த வேலையில், எந்த இடத்தில், இது இல்லாமல் நான் நின்றுபோனேன்?" தடித்த துணியில் ஊசி இறங்கவில்லை, காஜா எடுக்க ஒரு நாள் முழுவதும் போகிறது என்று பளிச்சென்று பதில் வந்தால் அது வேலையின் குரல். "இருந்தால் நன்றாயிருக்கும்" என்று மட்டும் பதில் வந்தால் பொறுத்திருங்கள். நூறு வகைத் தையல் போடும் மெஷினை வாங்கியவர்கள்கூட நாளாந்தம் போடுவது பெரும்பாலும் நேர்த் தையல்தானே!

பிறகு, கையில் இருப்பதை வைத்தே பத்துத் தரம் செய்யுங்கள். பத்து சட்டை, பத்து கேக், பத்து பக்கம். பத்தாவது முடியும்போது எது உண்மையில் குறைகிறது என்று உங்கள் கையே சொல்லும். அப்போதும் முதலில் இரவல் வாங்கிப் பாருங்கள். பழையது கிடைக்குமா என்று விசாரியுங்கள். பெருநாளுக்கென்று சேர்த்த பணத்தையும், காதில் கிடந்த தோட்டையும் உறை பிரிக்காத பெட்டிக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அலுமாரியில் வருடக்கணக்காகச் சும்மா கிடப்பதை, பக்கத்துத் தெருவில் தையல் பழகும் ஏழைப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். அந்தப் பொருளுக்கு வேலை கிடைக்கும். உங்களுக்கும் சாக்குச் சொல்ல ஒரு பொருள் குறையும்.

பணம் போனால் மறுபடி சேர்க்கலாம். அல்லாஹ் உங்கள் கைக்குத் தந்த திறமை உபயோகிக்காமல் இருந்து துருப்பிடித்தால் அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. பிள்ளைகள் பாடசாலை போயிருக்கும் நேரமோ, அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் கிடைக்கும் அரைமணியோ உங்களுக்கு உண்டல்லவா? அந்த நேரத்தில் எந்தப் பொருளின் விலையையும் விசாரிக்க வேண்டாம். வீட்டில் இருக்கும் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு உட்காருங்கள்.