விசாவைப் படித்துவிட்டுக் கடல் தாண்டுங்கள்!

திருச்செந்தூர் கடலுக்கு அக்கரையில் இலங்கை. ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து மக்கள் தூத்துக்குடியில் கப்பல் ஏறிக் கொழும்புக்குப் போனார்கள். கடை வைத்தார்கள். மூட்டை சுமந்தார்கள். ஊருக்குப் பணம் அனுப்பினார்கள்.

1948-ம் ஆண்டு இலங்கை புதிய குடிவரவுச் சட்டம் செய்தது. அனுமதிச் சீட்டு இல்லாமல் அங்கே இறங்க முடியாது என்று ஆயிற்று. சீட்டு இல்லாமல் போனவனுக்குக் 'கள்ளத்தோணி' என்று பெயர் வைத்தார்கள். நேற்று வரை அண்ணாச்சி. இன்று கள்ளத்தோணி! ஒரு காகிதம் செய்த வேலை அது.

இப்போது நம் பிள்ளைகள் போவது அரபு நாடுகளுக்கு. அங்கேயும் காகிதம்தான் ராஜா.

விசா என்பது நாட்டுக்குள் நுழைய அனுமதி. வேலை அனுமதி என்பது வேறு. இன்ன முதலாளியிடம், இன்ன வேலையை, இத்தனை காலம் செய்யலாம் என்று அந்த நாட்டு அரசு கொடுப்பது. முதலாளி கேட்டால்தான் அது கிடைக்கும். அவரை விட்டு வேறு இடத்தில் வேலை செய்தால் குற்றம். சம்பளம் வரவில்லை என்று கோபித்துக்கொண்டு வெளியே வந்தால், "ஓடிப்போனவன்" என்று முதலாளி புகார் எழுதலாம். பிறகு போலீஸ் தேடும்!

முத்தில் பிறந்த வழக்கம்

இந்த முறைக்குக் 'கபாலா' என்று பெயர். ஜாமீன் போன்றது. இது எங்கே பிறந்தது தெரியுமா? நம் கடலைப் போலவே பஹ்ரைன் கடலிலும் முத்துக்குளிப்பு நடந்தது. 1920-களில் அங்கே வெள்ளைக்காரர் செல்வாக்கு ஓங்கி இருந்தது. வெளியிலிருந்து முத்துக்குளிக்க வருகிற கூலிகளுக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் ஜாமீன் நிற்கவேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். கபாலாவுக்கு வேர் அதுதான் என்று ஒரு வரலாற்று ஆய்வு சொல்லுகிறது.

தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு பெரிய முத்துக்குளிப்பு இல்லை. பஹ்ரைனிலும் அந்தப் பழைய முத்துத் தொழில் போய்விட்டது. ஜாமீன் மட்டும் நிற்கிறது!

கட்டு கொஞ்சம் தளர்ந்திருப்பது உண்மை. கத்தாரில் 2020-ம் ஆண்டு முதலும், சவூதியில் 2021-ம் ஆண்டு முதலும், சில நிபந்தனைகளோடு முதலாளியை மாற்றிக்கொள்ளலாம். ஆனால், சரியான வேலை அனுமதியோடு போனவனுக்குத்தான் அந்த வசதி. சுற்றிப் பார்க்கும் விசாவில் போனவனுக்கு எதுவும் கிடையாது.

வேலிக்கு எத்தனை ஓட்டை!

நம் நாட்டுச் சட்டம் சும்மா இருக்கவில்லை. 1983-ம் ஆண்டிலேயே குடிபெயர்வுச் சட்டம் வந்தது. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் 'இ.சி.ஆர்.' வகையைச் சேர்ந்தது. அந்த பாஸ்போர்ட்டுடன் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால், குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற அதிகாரியின் அனுமதி வேண்டும். ஒப்பந்தம் இருக்கிறதா, சம்பளம் எவ்வளவு என்று அவர் பார்ப்பார். 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் எடுக்கவேண்டும்.

"படிக்காதவனுக்கு மட்டும் ஏன் இந்தத் தொல்லை?" என்று சிலர் கேட்கிறார்கள். தொல்லை அல்ல, அவனுக்குப் போட்ட வேலி அது! இந்த வேலியைத் தாண்டத்தான் ஏஜெண்டு சுற்றுலா விசா வாங்கிக் கொடுக்கிறார். "முதலில் போய்ச் சேரு, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்பார். ஒப்பந்தமும் கிடையாது. காப்பீடும் கிடையாது. போனவன் எங்கே இருக்கிறான் என்று அரசாங்கத்தின் கணக்கிலும் இராது.

இன்னொரு பெரிய ஓட்டை ஈரான். தமிழ்நாட்டு மீனவர்கள் நூற்றுக்கணக்கில் அங்கே படகு வேலைக்குப் போயிருக்கிறார்கள். ஆனால், அந்த 18 நாடுகளின் பட்டியலில் ஈரான் இல்லை!

2020-ல் கொரோனா வந்தது. அந்த மீனவர்கள் ஊர் திரும்ப வழியில்லாமல் ஈரான் துறைமுகங்களில் மாதக்கணக்கில் தவித்தார்கள். இங்கே அவர்கள் வீடுகளில் உலை கொதிக்கவில்லை. கடைசியில் 'ஜலஷ்வா' என்ற கடற்படைக் கப்பல் பந்தர் அப்பாஸ் துறைமுகத்துக்குப் போய் 687 பேரை ஏற்றி வந்தது. ஜூலை 1-ந் தேதி அவர்கள் தூத்துக்குடியில் இறங்கினார்கள். கப்பல் அனுப்பிய அரசாங்கத்தைப் பாராட்ட வேண்டும். அந்தப் பட்டியலில் ஈரானையும் சேர்க்க வேண்டும் என்றும் கேட்க வேண்டும்.

வீட்டில் உள்ளவர்களுக்கு

பயணம் புறப்படும் முன் முருகனைக் கும்பிடுகிறீர்கள். மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறீர்கள். நல்லதுதான். விசாவைப் படிக்க வேண்டாம் என்று எந்தச் சாமியும் சொல்லவில்லை!

அதில் முதலாளி பெயர் இருக்கிறதா? என்ன வேலை என்று எழுதியிருக்கிறது? படகு வேலைக்குப் போகிறவனுக்கு வீட்டு வேலை விசா எதற்கு? அரபியிலோ இங்கிலீஷிலோ இருந்தால், ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியரிடமோ கல்லூரியில் படிக்கும் பெண்ணிடமோ கொடுத்துப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். விசா, ஒப்பந்தம், பாஸ்போர்ட் மூன்றுக்கும் நகல் எடுத்து அம்மாவிடமோ மனைவியிடமோ கொடுத்துவிட்டுப் போகவேண்டும். ஆபத்து வந்தால் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போகிறவள் அவள்தானே!

பணத்திலும் கண்டிப்பு வேண்டும். அரசாங்கத்தில் பதிவு செய்த ஏஜெண்டு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30 ஆயிரம் ரூபாயும் அதற்கு உரிய வரியும்தான். ரசீதும் தரவேண்டும். லட்சம் கேட்கிறவரிடம் தாலியைக் கழற்றிக் கொடுக்காதீர்கள்.

தமிழக அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. 1978-ல் தொடங்கியது. அதன் ஆள் ஒருவர் மாதம் ஒரு நாளாவது ஆலந்தலையிலும் மணப்பாட்டிலும் வந்து உட்காரட்டும். கடற்கரையில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி போதும்.