திரி எவ்வளவு நேரம் எரியும்?

“படத்தைப் பாருய்யா, லாஜிக் பாக்காத.”

தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் டிக்கெட்டோடு இலவசமாகக் கிடைக்கும் உபதேசம் இது. ‘குருவி’யில் (2008) விஜய் கட்டடத்து உச்சியிலிருந்து ஓடும் ரயிலுக்குப் பாய்ந்தபோது பக்கத்து சீட்டிலிருந்து வந்தது. ‘நரசிம்மா’வில் (2001) விஜயகாந்துக்கு ஷாக் கொடுக்கப்போய்க் கரண்டே தோற்றுப்போனபோதும், ‘பீஸ்ட்’ (2022) நாயகன் போர் விமானத்தை ஓட்டிக்கொண்டு எல்லை தாண்டியபோதும் வந்தது. இந்த உபதேசத்துக்குப் பின்னால் ஒரு தத்துவமே இருக்கிறது. உழைத்துக் களைத்து வருகிற ஜனத்துக்கு மூன்று மணி நேர மறதி வேண்டுமாம். அங்கே வந்து நியூட்டன் விதியைக் கேட்பவன் ரசனை கெட்டவனாம். பொய்யென்று தெரிந்துதானே பார்க்கிறோம், யாருக்கு என்ன நஷ்டம்?

பாதியை ஒப்புக்கொள்ளலாம். ரயிலுக்குப் பாய்கிற ஹீரோவைப் பார்த்துவிட்டு மாம்பலம் ஸ்டேஷனில் யாரும் பாய்வதில்லை. அந்தப் பொய் தம்பட்டம் அடித்துக்கொண்டு வருகிறது. பார்ப்பவரும் சிரித்துக்கொண்டே விசில் அடிக்கிறார். அத்தகைய ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருப்பது வேலையற்ற வேலை. வில்லங்கம் இருப்பது யாரும் சிரிக்காத பொய்யில். இப்படித்தான் நடக்கும்போலும் என்று மனசுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிற பொய் அது. அந்த வரிசையில் முதலிடம் சினிமா வெடிவிபத்துக்கு. அதை உரசிப் பார்க்கப் பட்டாசுக்குப் பேர்போன விருதுநகர் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

முதலில் திரியை எடுத்துக்கொள்வோம். வில்லன் திரியைப் பற்றவைக்கிறான். அது சீறிக்கொண்டு போகிறது. நாயகி கத்துகிறாள், வில்லன் தன் பால்யக் கதையைச் சொல்லி முடிக்கிறான், ஹீரோ இருபது பேரை அடித்துப் போடுகிறார். திரி இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. கடைசி ஒரு அங்குலத்தில் ஹீரோவின் செருப்பு அதை மிதிக்கிறது. அமெரிக்காவில் விற்கும் பட்டாசின் திரி 3 நொடிக்குக் குறையாமலும் 9 நொடிக்கு மிகாமலும் எரிய வேண்டும் என்று விதி இருக்கிறது. பற்றவைத்தவர் விலகி ஓட அவகாசம் வேண்டும். அணைந்துவிட்டதென்று நினைத்துத் திரும்பி வந்து குனியும் அளவுக்கு அவகாசம் இருக்கக் கூடாது. இந்தக் கணக்கு சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் திரி வேலை பார்ப்பவர்களுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை, கையே சொல்லும். அந்த ஊர்த் தியேட்டரில் இரவுக் காட்சிக்கு வந்திருப்பவர்களில் பகலெல்லாம் திரி வெட்டியவர் இருப்பார், மருந்து செலுத்தியவர் இருப்பார், பெட்டிக்கு லேபிள் ஒட்டியவர் இருப்பார். ‘பாமர ரசிகனுக்கு லாஜிக் தேவையில்லை’ என்று சென்னையில் கதை விவாதத்துக்கு உட்கார்ந்து முடிவெடுப்பவர், வெடியைப் பற்றித் தன்னைவிட நூறு மடங்கு தெரிந்தவரைப் பார்த்துத்தான் அதைச் சொல்கிறார்.

சினிமாவுக்குச் சிவகாசி என்றால் என்ன? 2005 தீபாவளிக்குப் பேரரசு இயக்கத்தில் வந்த விஜய் படத்தின் தலைப்பு ‘சிவகாசி’. அது நாயகனின் பெயர். கோபக்கார ஹீரோவுக்கு ஒரு பேர் கிடைத்தது, அவ்வளவுதான். ஊர்ப் பெயரைத் தலைப்பாக்கினால் படத்தில் ஊர் இருக்க வேண்டும் என்று சட்டமா என்ன!

அடுத்தது தீ. சினிமாவில் வெடிக்க வேண்டுமானால் நெருப்பு வேண்டும், அதை வைக்க ஒரு கெட்டவன் வேண்டும். பெட்ரோல் ஓடையாக ஓடும், அவன் புகைந்துகொண்டிருக்கும் சிகரெட்டைச் சுண்டி எறிவான், ஊரே பற்றும். எரிகிற சிகரெட்டை ஆயிரக்கணக்கான முறை பெட்ரோல் ஆவிக்குள் காட்டிப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2013-ல் வெளியானது. ஒருமுறைகூடப் பற்றவில்லை. (யாரும் பரிசோதிக்க வேண்டாம். சிகரெட்டைப் பற்றவைக்கிற தீக்குச்சி அந்த வேலையை ஒரு நொடியில் செய்துவிடும்.) திரையில் பற்றுகிற இடத்தில் நிஜத்தில் பற்றுவதில்லை. திரையில் எதுவுமே நடக்காத இடத்தில்தான் நிஜத்தில் வெடிக்கிறது.

பட்டாசு ஆலை விபத்துச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் சொல் ‘உராய்வு’. மணிமணியாக உருட்டிய மணிமருந்தை அள்ளும்போது, கலவையைச் சலிக்கும்போது, குழாயில் செலுத்திக் கெட்டிக்கும்போது, காய்ந்ததைத் தட்டில் இழுக்கும்போது. தீயும் இல்லை, தீ வைத்தவனும் இல்லை. இதில் புதிர் ஏதும் கிடையாது. தீப்பெட்டியே உராய்வில்தான் பிழைக்கிறது. குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டி ஓரத்தில் சிவப்பு பாஸ்பரஸ், இரண்டும் உரசினால் சுடர். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்க் கற்று வந்த தொழில் அதுதான். சிவகாசியின் பட்டாசு அதன் வழியே பின்னால் வந்தது. குளோரேட்டோடு கந்தகத்தைச் சேர்த்தால் அந்தக் கலவை லேசான உரசலுக்கே வெடித்துவிடும் என்பதால், பட்டாசில் அந்தச் சேர்க்கையை 1992-ல் அரசு தடை செய்தது. மருந்து அறைக்குள் இரும்புக் கருவி ஆகாது. செல்போன் ஆகாது. உடம்பில் மின்னூட்டம் சேர்க்கிற நைலான் துணி ஆகாது, பருத்திதான். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது என்பது இந்தப் பகுதியில் சிறுபிள்ளைக்கும் தெரிந்த விதி. இவ்வளவும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறிக்குப் பயந்து. சினிமா வில்லனோ வெடிமருந்துக் கிட்டங்கியில் நின்று லைட்டரைச் சொடுக்கிச் சொடுக்கி விளையாடுகிறான்.

தண்ணீர் விஷயத்திலும் திரைக்கு ஒரு நம்பிக்கை உண்டு. மழை வந்தால் வெடி நமத்துப்போகும், ஆபத்து தீர்ந்தது, நாயகி பெருமூச்சு விடலாம். நிஜத்திலோ அலுமினியப் பவுடர் கலந்த மருந்து ஈரம் பட்டால் தானாகவே உள்ளுக்குள் சூடேறும். முதல் நாள் மாலை மீந்துபோய் மூலையில் வைத்த ஈரக் கலவை மறுநாள் காலையில் என்ன மனநிலையில் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மீந்த மருந்தை அறையில் வைக்காதே என்று போர்மேன்கள் கத்துவது இதனால்தான்.

ஹாலிவுட்டும் இதில் யோக்கியமில்லை. வெடிப்புக்கு முதுகைக் காட்டியபடி மெதுவாக நடந்து வரும் நாயகன் ‘டெஸ்பராடோ’ (1995) காலத்திலிருந்து உலகப் பொதுச்சொத்து. தமிழில் அவர் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டார். பின்னால் உருண்டு எழும் அந்த ஆரஞ்சு நிறத் தீப்பந்து பெரும்பாலும் பெட்ரோல். அடியில் கொஞ்சம் கருமருந்து வைத்து மேலே தூக்கி எரியவிடுகிறார்கள், வேகக் கேமராவில் பிடித்து நிதானமாக ஓட்டுகிறார்கள். பார்க்க அழகாக இருப்பதற்காகவே செய்யப்பட்ட தீ அது. உண்மையான வெடிப்பில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. கண் இமைப்பதற்குள் கூரையும் சுவரும் இருந்த இடத்தில் இருக்காது, பிறகு வெள்ளைப் புகை. தீ வந்து சேருமுன் காற்றழுத்த அலை வந்துவிடும். முதலில் செவிப்பறை கிழியும், கிட்டத்தில் நிற்பவருக்கு நுரையீரல் சிதையும். பத்தடி தள்ளி விழுந்து, தலையை உதறிக்கொண்டு எழுந்து, ‘விடமாட்டேன்டா’ என்று சொல்ல அவருக்கு மூச்சு இருக்காது. சினிமாவில் சாவு உடனடி, சுத்தம். தீக்காயச் சாவு அப்படியல்ல. விபத்தன்று செய்தியில் வந்த எண்ணிக்கை அடுத்த பத்து நாட்களும் ஏறிக்கொண்டே போவதை விருதுநகர் மாவட்டத்துக்காரர்கள் அறிவார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கையில் அந்தப் பத்து நாள் எப்படிப் போகும் என்பதையும் அறிவார்கள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். மன்னிக்க முடியாத ஓட்டை ஒன்று இருக்கிறது: சினிமாவில் ஒருமுறைதான் வெடிக்கும். டமால், முடிந்தது. அதன்பிறகு கிட்டத்தில் போகலாம், வேடிக்கை பார்க்கலாம், சட்டையில் படிந்த தூசியைத் தட்டிவிடலாம்.

2012 செப்டம்பர் 5. சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் நண்பகல் வாக்கில் தீப்பிடித்தது. உள்ளே வேலை செய்துகொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் வெளியே ஓடிவிட்டார்கள். எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். புகையைப் பார்த்து அக்கம்பக்கத்திலிருந்து ஜனம் உள்ளே ஓடியது. காப்பாற்றப் போனவர்கள் உண்டு, என்னவென்று பார்க்கப் போனவர்கள் உண்டு. அப்போதுதான் மருந்தும் சரக்கும் வைத்திருந்த கிட்டங்கி வெடித்தது. சுமார் 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் ஒருநாளும் வேலை பார்க்காதவர்கள்.

கிராமத்து ஜனம், விவரம் போதாது என்று சொல்லிவிட முடியாது. நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் 2000 மே 13 சனிக்கிழமை, குடியிருப்புக்கு நடுவில் இருந்த பட்டாசுக் கிடங்கு பற்றியது. வாண வேடிக்கை பார்க்கத் தெருவில் கூட்டம் சேர்ந்தது, சிலர் வீடியோ எடுத்தார்கள். பிறகு வந்தது பெரிய வெடிப்பு. 23 பேர் மாண்டார்கள், 900-க்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். பெய்ரூத் துறைமுகத்தில் 2020 ஆகஸ்ட் 4 அன்று தீயும் புகையும் முன்னால் எழுந்தன. ஜன்னலிலும் மாடியிலும் நின்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் மீதுதான் 2,750 டன் அமோனியம் நைட்ரேட்டின் அலை வந்து மோதியது. அவர்கள் எடுத்த காட்சிகளை உலகம் பார்த்தது. கேரளத்தின் பரவூர் புற்றிங்கல் கோயிலில் 2016 ஏப்ரல் 10 அதிகாலை வேடிக்கை பார்க்க நின்ற கூட்டத்தின் நடுவே வெடிக் கிட்டங்கி வெடித்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள்.

இவர்கள் எல்லாம் சினிமாவைப் பார்த்துக் கெட்டுப்போய் அங்கே நின்றார்கள் என்று சொன்னால் அதுவும் ஒரு லாஜிக் ஓட்டைதான். ஆபத்தில் இருப்பவரைத் தூக்க ஓடுவதும், தீயைக் கண்டால் எட்டிப் பார்ப்பதும் சினிமாவுக்கு முந்திய மனித சுபாவம். ஆனால் அந்த சுபாவத்தைப் பிடித்து இழுத்து நிறுத்த ஓர் அறிவு வேண்டும்: முதல் சத்தம் முடிவல்ல, முன்னறிவிப்பு. தொழிலுக்கு வெளியே இருக்கிற கோடிக்கணக்கான பேர் வெடிப்பு என்ற ஒன்றைப் பார்த்திருப்பதே திரையில்தான். அங்கே ஐம்பது வருஷமாக நேர் எதிரான பாடம் நடக்கிறது. யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

வில்லன் விவகாரம் பாக்கி இருக்கிறது. தீ வைக்க ஒருத்தன் வேண்டும் என்று சினிமா பழக்கிவிட்டதால் நிஜ விபத்திலும் நாம் ஒரு முகத்தைத் தேடுகிறோம். கிடைத்தால் கைது, கிடைக்காவிட்டால் விதி. சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று 20-க்கு மேற்பட்டோர் இறந்த பிறகு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. உரிமம் ஒருவர் பெயரில், அறைகளை வாடகைக்கு எடுத்து வேலை நடத்துவது வேறு ஆட்கள் என்கிற உள்குத்தகை அப்போது பெரிதாக அடிபட்டது. நாலு பேர் அறையில் கூடுதல் ஆள், தீபாவளி ஆர்டர் நெருக்கடியில் மரத்தடியில் வேலை, வேகத்துக்கேற்ற பீஸ் ரேட் கூலி, கரிசல் வெயில் என்று ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கிற காரணங்கள் அவை. இதில் சிகரெட்டைச் சுண்டுகிறவன் எவனும் இல்லை. சினிமாக் கிட்டங்கியில் அட்டைப் பெட்டிகளும் அடியாட்களும் மட்டுமே இருப்பார்கள். நிஜத்தில் அந்தச் சுவருக்குள் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பகுதி பெண்கள். ஒரு ஆக்‌ஷன் படத்தின் ஆகப் பெரிய ஓட்டை, வெடிக்கிற இடத்தில் வேலை பார்ப்பவர் யாருமே இல்லாமல் போவது.

‘உண்மையைச் சொன்னால் விறுவிறுப்பு போய்விடும்’ என்பது கடைசிச் சாக்கு. ஹென்றி ஜார்ஜ் குளூசோவின் பிரெஞ்சுப் படம் ‘வேஜஸ் ஆஃப் ஃபியர்’ (1953) முழுக்க முழுக்க ஒரே ஒரு உண்மையின் மேல் நிற்கிறது: நைட்ரோகிளிசரின் குலுங்கினால் வெடிக்கும். எண்ணெய்க் கிணற்றில் பிடித்த தீயை அணைக்க அதை இரண்டு லாரிகளில் ஏற்றிக்கொண்டு நாலு பேர் குண்டும் குழியுமான மலைப்பாதையில் போகிறார்கள். லாரி ஒரு பள்ளத்தில் இறங்கினாலே பார்ப்பவர் சீட்டின் நுனிக்கு வந்துவிடுகிறார். லாஜிக் இல்லாத உலகில் எதுவும் நடக்கலாம். எதுவும் நடக்கலாம் என்றான பிறகு பயப்பட என்ன இருக்கிறது? விருதுநகர் மாவட்டத்தில் நம் இயக்குநர்களுக்கு இதைவிட நெருக்கமான கதை காத்துக் கிடக்கிறது. பத்துக்குப் பத்து அறை, நாலு பேர், ஒரு தட்டு மணிமருந்து, ஏறிக்கொண்டே போகும் வெயில், ஐந்தாவதாக ஒரு ஆளை உள்ளே அனுப்பும் மேலாள். ஒரு தீக்குச்சிகூடத் தேவைப்படாது.

அடுத்த வெடிப்புக் காட்சியை எழுதுமுன் ஒருநாள் சிவகாசிக்குப் பஸ் ஏறிப்போய், திரி வெட்டும் ஒரு அக்காவிடம் காட்சியைச் சொல்லிப் பாருங்கள். அவர் எங்கே சிரிக்கிறாரோ அங்கே அடித்துத் திருத்துங்கள். படம் பார்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எந்தப் பட்டாசு ஆலைப் பக்கமாவது புகை தெரிந்தால், செல்போனில் அழுத்த வேண்டிய முதல் எண் 112 அல்லது 101. பேசிக்கொண்டே எதிர்த்திசையில் நடங்கள்.