கேமரா இருந்தது... படம்தான் இல்லை!

சங்கரன்கோவில்:
போலீசுக்குக் கூடுதலாகப் பணம் ஒதுக்கினால் அநியாயம் குறையுமா? பதில் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். பக்கத்துக் கோவில்பட்டி வரை போனால் போதும்.

2020 ஜூன் 19-ந்தேதி. கொரோனா ஊரடங்கு நேரம். சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த தந்தையையும் மகனையும் போலீசார் பிடித்தனர். நேரம் தாண்டிக் கடை திறந்திருந்தது என்பது போலீஸ் சொன்ன காரணம். பிறகு கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைத்தனர். 22-ந்தேதி ராத்திரி மகன் இறந்தார். விடிவதற்குள் தந்தையும் போய்விட்டார்.

ஐகோர்ட்டு உத்தரவுப்படி கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டு ஸ்டேஷனுக்கே போய்ப் பார்த்தார். கேமரா இருந்தது. ஹார்டு டிஸ்க்கிலும் ஒரு டெராபைட் இடம் தாராளமாக இருந்தது. ஆனால் பதிவு தினமும் தானாகவே அழியும்படி செட் பண்ணி வைத்திருந்தார்கள்! 19-ந்தேதி ராத்திரிக்குப் படமே இல்லை.

கேமரா வாங்கியது மக்கள் வரிப்பணம். அந்த ராத்திரி விடிய விடிய அடித்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னதோ, அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு பெண் ஏட்டு.

பூனை காவல்

அதே ஆண்டு டிசம்பர் 2-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு கண்டிப்பான உத்தரவு போட்டது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வாசல், லாக்கப், வராந்தா எல்லாம் கேமரா வேண்டும்; சத்தமும் பதிவாக வேண்டும்; பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும்; அரசுகள் இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். சரிதான். ஆனால் கேமரா ஓடுகிறதா என்று பார்க்கும் பொறுப்பு ஸ்டேஷன் அதிகாரிக்கே! பாலுக்குப் பூனை காவல் மாதிரிதான். மேற்பார்வைக்கு மாவட்டக் கமிட்டி உண்டு. அது சுறுசுறுப்பாக இருந்தால்தான் பலன். 2025 செப்டம்பரில், கேமராக்கள் ஓடவில்லை என்ற விவகாரத்தைச் சுப்ரீம் கோர்ட்டு தானாகவே மறுபடி கையில் எடுக்க வேண்டி வந்தது.

அதே 2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரத்தில், போலீசார் விசாரித்த கோவில் காவலாளி இறந்தார். அவரை அடித்தது ஸ்டேஷனிலேயே இல்லை. வெளியே வந்த படம், யாரோ ஒருவர் ஒளிந்திருந்து செல்போனில் எடுத்தது. ஸ்டேஷனில் எத்தனை கேமரா மாட்டி என்ன செய்ய?

திருட்டு நடந்தால் ரத வீதிக் கடைக்காரர்களிடம் போலீசார் முதலில் கேட்பது, சொந்தக் காசில் மாட்டிய கேமராவின் பதிவைத்தான். கொடுக்கத்தான் வேண்டும். ஸ்டேஷனில் அடிபட்டவருக்கும் அங்குள்ள பதிவை அழியாமல் பத்திரப்படுத்தச் சொல்லும் உரிமை உண்டு என்கிறது அந்தத் தீர்ப்பு. கேமரா ஓடுகிறது என்று ஸ்டேஷன் வாசலில் தமிழிலும் பெரிதாகப் போர்டு வைக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.