வாடகை பாக்கியும் வக்கீல் ஃபீஸும்

மாற்றலாகி போபால் வந்தபோது தாணேயில் இருக்கும் வீட்டை நம்ம ஊர்க்காரர் ஒருவருக்கு விட்டுவிட்டு வந்தேன். "நமக்குள்ள எதுக்கு சார் ரிஜிஸ்டர் அக்ரிமென்ட்டெல்லாம்?" என்றார். நானும் தலையாட்டினேன். பத்திரம் இல்லாமல் பத்தாயிரம் ரூபாய் கூட கடன் கொடுக்காத பேங்க் ஆபீசர் நான்!

டெபாசிட்டைக் கழித்த பிறகும் ஆறு மாத வாடகை, 84,000 ரூபாய், நின்றது. வக்கீலிடம் போனேன். நோட்டீஸ், கோர்ட் ஃபீ, அவர் ஃபீஸ் எல்லாம் சேர்த்து 50,000 ஆகுமாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு போட்டு ரயிலேறும் செலவு தனி. எத்தனை வாய்தா என்று கேட்டேன். சிரித்தார்.

அதைவிடப் பெரிய அடி, மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999, பிரிவு 55. ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது வீட்டுக்காரர் பொறுப்பு. செய்யாவிட்டால், என்ன பேசிக்கொண்டோம் என்று குடியிருப்பவர் சொல்வதுதான் செல்லும், நான் வேறுவிதமாக நிரூபிக்கும் வரை. சில ஆயிரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை.

சரி, ஜெயித்தால் செலவு திரும்ப வருமா? சிவில் நடைமுறைச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் எதிராளி தெரிந்தே பொய் வாதம் செய்தார் என்றாலும் சாதாரண வழக்கில் அதற்கான இழப்பீட்டு உச்சவரம்பு 3,000 ரூபாய். 1976-இல் வைத்தது, இன்றும் அதேதான். நம்ம சேலம் வக்கீல்கள் சங்கம் போட்ட வழக்கில் 2005-இல் உச்சநீதிமன்றம், ஜெயித்தவரின் நேரம், பயணம், தங்கும் செலவு உட்பட நியாயமான உண்மைச் செலவைத் தரவேண்டும் என்றது. கேட்க நன்றாக இருக்கிறது. என் வக்கீல் அதை நம்பி வழக்குப் போடச் சொல்லவில்லை.

என் கருத்து இதுதான். தோற்றவர் உண்மைச் செலவைக் கொடுக்க வேண்டும் என்றிருந்தால், பாக்கி வைப்பவர் யோசிப்பார். டெபாசிட்டைத் திருப்பித் தராமல் இழுத்தடிக்கும் வீட்டுக்காரரும் யோசிப்பார். நானும் இங்கே வாடகை வீட்டில்தான் இருக்கிறேன், அந்த வலியும் தெரியும்.

கடைசியில் வாராக்கடனுக்குச் செய்வதைத்தான் செய்தேன். 40,000 வாங்கிக்கொண்டு சாவியைப் பெற்றேன். மனசு ஆறவில்லை, ஆனால் கணக்கு சரி.

ஊர்க்காரரோ உறவுக்காரரோ, முதலில் பதிவு செய்யுங்கள். சாவி அப்புறம்.