பயத்துக்கு ஒரு பேக்கேஜ்

காய்ச்சல் வந்து மூன்றே நாளான, மூச்சுத் திணறல் துளியும் இல்லாத ஒருவரிடம் சி.ஆர்.பி., டி-டைமர், ஃபெரிட்டின், எல்.டி.எச்., இன்டர்லியூகின்-6 என்று ஒரு மூட்டை ரத்தப் பரிசோதனைகளை விற்பது அநியாயம். 2021 கோடையில், கொரோனா இரண்டாம் அலையின்போது கொடிகட்டிப் பறந்த இந்த வியாபாரம் இன்னும் ஓயவில்லை. மழைக்காலச் சளிக்காய்ச்சல் தொடங்கினால் ‘ஃபீவர் பேக்கேஜ்’ என்ற பெயரில் வீட்டு வாசலுக்கே வருகிறது.

பரிசோதனைகள் மீது குற்றமில்லை. 2020 மார்ச்சில் வூஹானின் இரண்டு மருத்துவமனைகளிலிருந்து 191 கொரோனா நோயாளிகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. அட்மிட் ஆகும்போதே, ரத்தம் உறைவதைக் காட்டும் டி-டைமர் மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தவர்களிடம் மரணம் அதிகம் என்று அது காட்டியது. பிரிட்டனின் ‘ரெகவரி’ ஆய்வு, ஆக்சிஜன் குறைந்து, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யும் 75-ஐத் தொட்டவர்களுக்கு டோசிலிசுமாப் என்ற மருந்தைக் கொடுத்துப் பலன் கண்டது. இவர்கள் எல்லோரும் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தவர்கள். வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டு படுத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

மருத்துவமனைக்குள்ளேயே கணிப்பு சறுக்கியதும் உண்டு. எல்.டி.எச்., லிம்போசைட், சி.ஆர்.பி. மூன்றை மட்டும் வைத்து, பத்து நாள் முன்பே 90 சதவீதத்துக்கு மேல் துல்லியமாக மரணத்தைச் சொல்லலாம் என்று 2020 மே மாதம் ஒரு வூஹான் குழு எழுதியது. அமெரிக்கா, பிரான்ஸ், நெதர்லாந்து மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளிடம் பொருத்திப் பார்த்தார்கள். அந்தத் துல்லியம் கிடைக்கவில்லை.

ரிப்போர்ட்டையும் சற்று உற்றுப் பார்க்கலாம். டி-டைமரை அளக்க இரண்டு அலகுகள் உண்டு. ஒன்றின் எண் மற்றதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஒரே ரத்தத்துக்கு ஒரு லேப் 400 என்றும் அடுத்த தெரு லேப் 800 என்றும் எழுதலாம், இரண்டும் சரியாகவே இருக்கும். வயது கூடினாலும் கர்ப்பம் தரித்தாலும் டி-டைமர் ஏறும். சி.ஆர்.பி. ஏறுவதற்குப் பல்லில் சீழ் பிடித்தாலே போதும். இது எதையும் சொல்லாமல், எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஹை’ என்று தடித்த எழுத்தில் அச்சிட்டு, இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். அந்த வீட்டில் அன்றிரவு யார் தூங்குவார்கள்?

தூக்கம் கெட்டதோடு போனால் பரவாயில்லை. ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காக்கிறது, மற்றவர்களுக்குப் பலனில்லை என்று 2020 ஜூனிலேயே ‘ரெகவரி’ சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டு இங்கே, சி.ஆர்.பி. சற்று ஏறியதுமே ஸ்டீராய்டு எழுதிக்கொடுத்தார்கள். 2021 மே 3 அன்று எய்ம்ஸ் இயக்குநர் ரன்தீப் குலேரியா, லேசான தொற்றுக்கு இந்தச் சோதனைகள் வேண்டாம், அவை பீதியைத்தான் கிளப்பும் என்று பகிரங்கமாக எச்சரித்தார். அதே மாதம் கருப்புப் பூஞ்சை பரவி, தமிழ்நாடு அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. கட்டுக்கடங்காத சர்க்கரையும் கண்டபடி கொடுத்த ஸ்டீராய்டும் அதற்கு வழிவிட்டன.

முன்னெச்சரிக்கை தவறா என்று கேட்பார்கள். இல்லை. விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டி, வீட்டுக்குள் ஆறு நிமிடம் நடந்து, ஆக்சிஜன் 94-க்குக் கீழே இறங்குகிறதா என்று பார்ப்பதும் முன்னெச்சரிக்கைதான். அதில் லேபுக்குக் காசு வராது.

பயந்துபோய்ப் பணம் கட்டிய குடும்பங்களை நாம் குறை சொல்லவில்லை. நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல், போனில் வந்த ரிப்போர்ட்டைப் பார்த்து மருந்து எழுதிய மருத்துவரே முதல் குற்றவாளி. லேப் அவருக்கு அடுத்துத்தான். ஆர்.டி.பி.சி.ஆருக்கு விலை நிர்ணயித்த அரசு, இந்தச் சோதனைகளைச் சந்தைக்கு விட்டுவிட்டது, அதற்கும் பங்குண்டு. தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 1997 முதல் சட்டம் இருக்கிறது. மருத்துவரின் சீட்டு இல்லாமல் இந்தப் பேக்கேஜ்களை விற்கக் கூடாது என்றும், ரிப்போர்ட்டில் அலகையும் அதன் பொருளையும் தமிழில் அச்சிட வேண்டும் என்றும் சுகாதாரத் துறை அடுத்த மழைக்காலத்துக்குள் உத்தரவிட வேண்டும்.