ஏட்டுச் சுரைக்காயும் மனநோய் அளவையும்

மனநோயின் கடுமையை இனி யந்திரமே அளந்து சொல்லிவிடும் என்று மேல்நாட்டு ஆய்வாளர் சிலர் கூறுகின்றனர். வைத்தியசாலைக் கணினிகளிற் சேர்ந்து கிடக்கும் நோயாளர் குறிப்புக்களைக் கணினி நிரல் ஒன்று வாசிக்குமாம். துயரம் சிறிதா பெரிதா என எண்ணாற் கூறுமாம். இதனைக் கொண்டாடுவோரிடம் நாம் ஒன்று கேட்கிறோம்: யந்திரம் அளப்பது நோயையா, ஏட்டையா?

அளவையை நாம் பழிக்கவில்லை. 1960இல் ஹமில்ரன் என்னும் உளவைத்தியர் மனச்சோர்வை அளக்கப் பதினேழு குறிகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். இன்று உலகெங்கும் வழங்கும் ஒன்பது வினாப் படிவம் 0 முதல் 27 வரை புள்ளியிடுகிறது. இவற்றிலும் குறைகள் உண்டு. ஆயினும் இவற்றின் முன்னே உயிருள்ள மனிதன் ஒருவன் இருக்கிறான், அவனிடம் கேட்கப்படுகிறது, அவன் விடை சொல்கிறான்.

புதிய அளவையில் அந்த மனிதன் எங்கே? 2016இல் அமெரிக்காவில் ஆய்வுக் குழுக்களிடையே ஒரு போட்டி நடந்தது. இன்பத்தையும் வெகுமதியையும் நாடும் மனத்தொழிற்பாட்டின் கோளாறு எவ்வளவு கடுமையானது என்பதை, உளவைத்தியரின் முதற் பரிசோதனைக் குறிப்பிலிருந்து 0, 1, 2, 3 எனத் தரப்படுத்த வேண்டும். யந்திரம் பழகுவதற்கு 433 ஏடுகள். சோதிப்பதற்கு 216 ஏடுகள். 'சரியான விடை' எங்கிருந்து வந்தது? நிபுணர் அதே ஏடுகளை வாசித்து இட்ட புள்ளிகளே சரியான விடைகள்! நோயாளரை அவர்கள் கண்டதில்லை. ஏட்டை வாசித்த மனிதனோடு ஏட்டை வாசித்த யந்திரம் ஒத்துப்போயிற்று என்பதே அங்கு கிடைத்த வெற்றி.

ஆசிரியராகிய நாம் இதனை நன்கறிவோம். விடைத்தாளுக்கு நாம் புள்ளி இடுகிறோம். இரு பரீட்சகர் ஒரே புள்ளியை இட்டாலும் அது தாளின் புள்ளியேயன்றி மாணவனின் புள்ளியன்று. பட்டினியோடு வந்து பாதித் தாளை வெறுமையாய் விட்டவனின் அறிவை அந்தத் தாள் காட்டுமா?

ஏடு தானாக எழுதப்படுவதில்லை. வேலைச் சுமையால் நசுங்கும் வைத்தியர் அவசரத்தில் எழுதுகிறார். அமெரிக்காவிலோ, காப்புறுதிக் கம்பனியிடம் பணம் பெறுவதற்காகவும் எழுதுகிறார். எழுதுவோரின் சார்பும் ஏட்டில் ஏறுகிறது. சிக்காக்கோ நகர மருத்துவக் குறிப்புக்களை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வொன்று, 'இணங்காதவர்' போன்ற இழிசொற்கள் ஏட்டில் ஏறும் வாய்ப்பு, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளருக்கு ஏறத்தாழ இரண்டரை மடங்கு எனக் கண்டது. இந்த ஏட்டிற் பழகிய யந்திரம் எதைக் கற்கும்?

அமெரிக்க வைத்தியசாலைகள் பயன்படுத்திய வேறொரு நிரல், கடந்த காலச் செலவைக் கொண்டு நோயாளரின் தேவையை மதித்தது. வசதியற்றதால் குறைவாகச் செலவிடப்பட்ட கறுப்பினத்தவர் நோய் குறைந்தவராகத் தோன்றினர். 2019இல் இக்கொடுமை வெளியாயிற்று. அது உடல்நோயின் கதை. தன் வேதனையைச் சொல்ல வெட்கும் மனநோயாளியின் கதி என்ன? 'இல்லை' என்று எழுதப்பட்டதும் எழுதாமலே விடப்பட்டதும் ஒன்றல்ல. யந்திரத்துக்கோ இரண்டும் பூச்சியமாகிவிடக்கூடும். வைத்தியசாலைப் படியையே மிதிக்காத ஏழைக்கு அந்தப் பூச்சியமும் இல்லை.

"இலட்சக்கணக்கான ஏடுகளை மனிதரால் வாசிக்க முடியுமா?" என்பர். முடியாது, மெய்தான். இலண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையில் 2008 முதல் பெயர் மறைத்த ஏடுகளைக் கொண்டு ஆராய்ச்சி நடைபெறுகிறது. அதனை மேற்பார்க்கும் குழுவை நோயாளரே தலைமை தாங்கி நடத்துகின்றனர். பலரின் நோயைத் தொகுத்து அறிய உதவும் இத்தகைய பணியை நாம் வரவேற்கிறோம். ஆனால், அதே எண் இவருக்குக் கட்டில் உண்டு, அவருக்கு இல்லை என்று தீர்ப்பளிக்கப் புகுந்தால் நாம் எதிர்த்தே தீருவோம்.

எம் கோரிக்கை தெளிவானது. எண் எதுவாயினும் நோயாளியின் வாய்மொழி கேட்காமல் அவருடைய விதியை முடிவுசெய்யலாகாது. தன் ஏட்டைப் பார்க்கவும் பிழையை மறுக்கவும் அவருக்கு உரிமை வேண்டும். கணினிக்குச் செலவிடுவோர், நோயாளியருகே அமர்ந்து செவிகொடுக்கும் வைத்தியருக்கும் தாதியருக்கும் முதலிற் செலவிடட்டும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றனர் நம் மக்கள். அந்தச் சுரைக்காயை எத்தனை நுட்பமாக நிறுத்தாலும் பசித்தவன் வயிறு நிறையப்போவதில்லை.